ஒன்று கூடச் சொல்பவர்

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் நாங்கள் தோசை சாப்பிடப் போகும் கடைக்கு அவர்தான் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைப்பார். நாங்கள் நான்கு பேர்: அவர், அவருடைய மனைவி ஸ்டெல்லா, நான், என் மனைவி பத்மா. அவர் ஐந்து பேர் என்று சொல்லியிருப்பார். ஞாயிறு மதியத்தில் அந்தக் கடை வாசலுக்கு வெளியே சனம் வரிசையில் நிற்கும். எங்கள் மேசையில் மட்டும் ஒரு நாற்காலி சும்மா கிடக்கும். பரிமாறுகிறவர் மதுரைப் பக்கத்துக்காரர். இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு மூன்றாவது முறை கேட்டுவிடுவார்.

“சார், இன்னொருத்தர் வர்றாங்களா? இல்லைன்னா சேரை எடுத்துக்கவா?”

“இருக்கட்டும் தம்பி. வந்தாலும் வருவினம்.”

“ஆர் வருவினம்?” என்று நான் கேட்பேன். “நாலு பேரெண்டுதானே வெளிக்கிட்டனாங்கள்.”

“ஒண்டு கூடச் சொன்னா என்ன அண்ணை குறைஞ்சு போகுது? குறைச்சுச் சொன்னாத்தான் பிழை.”

சொல்லிவிட்டுச் சாம்பாரை ஊற்றிக்கொள்வார். ஸ்டெல்லா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் அந்த நாற்காலியைப் பார்ப்பார்கள். எனக்குத் தோசை இறங்காது.

நான் வேலை செய்த காலம் முழுவதும் கட்டடங்களுக்கு எத்தனை கதவு, எத்தனை சன்னல், எத்தனை செங்கல் என்று எண்ணிச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். எண்ணிக்கை பிழைத்தால் எனக்கு நெஞ்செரிவு வரும். அப்படிப்பட்டவனுக்கு இவர் அயலவராக வாய்த்தது என் மகனால். மகன் ஒரு படகு வாங்கினான். அதற்கு ஆக்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் படகுகள் கட்டும் மரீனா ஒன்றில் இடமும் எடுத்தான். அடுத்த வருடம் பெர்த்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். படகு என் தலையில் விழுந்தது. நான் அதை ஒருநாளும் கடலுக்குக் கொண்டுபோனதில்லை. லின்ஃபீல்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து போய், கட்டிய இடத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவேன். இடது பக்கத்துப் படகு அவருடையது. வலது பக்கத்தில் கிரேம், ஜூடித் என்று ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தம்பதி.

அவர் மன்னார்க்காரர். ஒடாஹுஹுவில் அடிபட்ட கார்களுக்குத் தகடு தட்டி வர்ணம் பூசும் கராஜ் வைத்திருந்து, ஓய்வெடுக்கும்போது அதை விற்று ஒரு பழைய மரப்படகை வாங்கினார். குட்டை ஆள். மணிக்கட்டுகள் தடித்தவை. பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், அவருடைய தோளுக்கு மேலாகப் பின்னால் எதையோ பார்ப்பார். ஆரம்பத்தில் நான் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன். பின்னால் தண்ணீர்தான் இருக்கும்.

இங்கே படகில் வெளிக்கிடுகிறவர்கள் போகும்போது ரேடியோவில் ஒரு தகவல் கொடுத்துவிட்டுப் போவது பழக்கம். எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம். மீட்புப் பணித் தொண்டர்கள் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். ஏதும் நடந்தால் தேடி வருவதற்கு அதுதான் ஆதாரம். பலர் சோம்பலில் விட்டுவிடுவார்கள். அவர் ஒருநாளும் விட்டதில்லை. ரேடியோவைக் கையில் எடுத்ததும் பூசையில் நிற்பதுபோல நேராக நிற்பார். தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூடும். தனியாகப் போனால் இரண்டு பேர். படகில் கிடக்கும் லைஃப் ஜாக்கெட்டுகளிலும் ஒன்று எப்போதும் மிச்சம். அதையும் மற்றவற்றைப்போலவே அலசிக் காயப்போடுவார்.

ஒருமுறை அவரும் கிரேமும் நானும் மீன் பிடித்துத் திரும்பினோம். படகுத்துறையில் மீன்பிடி அதிகாரி ஒருவர் நின்றார். இங்கே ஓர் ஆள் ஒரு நாளில் இத்தனை மீன்தான் பிடிக்கலாம் என்று சட்டம். எத்தனை பேர் போனீர்கள் என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவர், “நாலு பேர்” என்றார்.

அதிகாரி எங்களை எண்ணினார். மூன்று. பெட்டியைத் திறந்து மீன்களை எண்ணினார். மூன்று பேருக்கு அனுமதித்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் நான்காவது ஆள் எங்கே, அவர் தன் பங்கு மீனோடு வேறு வழியால் போய்விட்டாரா என்று அவருக்குச் சந்தேகம். படகின் கீழறை, ஐஸ் பெட்டி, எங்கள் கார்களின் டிக்கி எல்லாம் திறந்து பார்த்தார். கிரேம் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். நான் என் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினேன். இந்த நாட்டில் ஒரு போக்குவரத்துத் தண்டம்கூட வாங்காதவன் நான்.

அதிகாரி போனபின் கேட்டேன். “ஏன் காணும், மூண்டு தலையை எண்ணத் தெரியாதே உமக்கு?”

“எண்ணத் தெரியும்.”

“பிறகு?”

“மீனைத் திருப்பித் தந்திட்டார்தானே அண்ணை. வாங்கோ, உப்புப் போட்டு வைப்பம்.”

கோபப்பட்டும் பயனில்லாத மனிதர். மற்ற விடயங்களில் அவரைப்போல உதவி செய்ய ஆளில்லை. என் மகனின் படகில் தண்ணீர் கசிந்தபோது மழையில் படுத்துக்கிடந்து அடைத்தவர் அவர். அதனால்தான் ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை, “ஆறு பேரும் மொட்டுயிஹி தீவுக்குப் போய்ச் சாப்பிட்டிட்டு வருவம், நீங்கள் கடலையே காணாமல் மரீனாவில குந்தியிருக்கிறியள்” என்று அவர் கூப்பிட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. பத்மாவுக்குச் சந்தோஷம். நான் காற்று எச்சரிக்கையைக் காலையில் பார்த்தேன், புறப்படுமுன் பார்த்தேன், படகில் ஏறியபின்னும் பார்த்தேன். பிற்பகலில் தென்மேற்குக் காற்று கூடும் என்று இருந்தது. முந்திய வாரம் பெரிய மழை. ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மரக்கிளைகள் இன்னும் கடலில் மிதந்தன. இதை எல்லாருக்கும் சொன்னேன். ஜூடித் என் கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தார்.

மரீனாவை விட்டு வெளியே வந்ததும் அவர் ரேடியோவை எடுத்தார். “செவன் ஆன் போர்ட்” என்றார். நான் எண்ணினேன். ஆறு.

தீவில் நல்ல வெயில். கடற்கரைப் புல்லில் கிரேம் மடக்கு நாற்காலிகளை விரித்தார். ஜூடித் முட்டையும் பன்றியிறைச்சியும் மாவுக்குள் வைத்துச் சுட்ட பை என்ற பண்டம் கொண்டுவந்திருந்தார். ஸ்டெல்லாவின் மீன் கட்லட் முதலில் தீர்ந்தது. கிரேம் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு உறங்கினார். பெண்கள் மூவரும் கரையோரமாக நடக்கப் போனார்கள். நான் மெல்லக் கேட்டேன்.

“காலமை செவன் எண்டு சொன்னீர். அது விளையாட்டில்லை. மீன்காரனுக்குச் சொன்னமாதிரி இல்லை இது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டே ஏன்?”

அவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

“எனக்கொரு தம்பி அண்ணை. அல்போன்ஸ். சண்டைக்குள்ள தலைமன்னாரிலயிருந்து ராமேஸ்வரத்துக்கு வெளிக்கிட்டவன். அப்ப எங்கட சனம் எல்லாம் அப்பிடித்தானே போனது. படகுக்காரன் அளவுக்கு மிஞ்சி ஒரு ஆளைக் கூட ஏத்திப்போட்டான். நடுவில பிரண்டு போச்சுது. அந்தக் கரையில மீன் பிடிக்கிற ஆக்கள் வந்து தூக்கினவை. நல்ல சனம். எத்தினை பேரெண்டு கேட்டிருக்கினம். கூட ஏத்தினதெண்டு சொன்னால் அடி விழுமெண்டு படகுக்காரனுக்குப் பயம். பன்னிரண்டு எண்டு சொல்லிப்போட்டான். தூக்கின ஆக்களை எண்ணிப் பாத்தா பன்னிரண்டு. கணக்குச் சரி. அவை திரும்பிப் போயிட்டினம்.”

“தம்பி?”

“அவன் நல்லா நீந்துவான் அண்ணை.”

அவர் ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றினார். கிரேமின் குறட்டை மட்டும் கேட்டது.

“உடம்பு கிடைச்சதே?”

“இல்லை. செத்துப்போனான் எண்டு நான் ஆருக்கும் சொல்லேல்லை. ஆர் பாத்தது?”

எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் குணம் என்னை விடவில்லை. “அது அங்கை நடந்தது. இஞ்ச பிழையான எண்ணிக்கையைக் குடுத்தால்...”

“கூடத்தானே குடுக்கிறன். கூடக் குடுத்தால் கூட நேரம் தேடுவாங்கள். அதால ஆருக்கு நட்டம், சொல்லுங்கோ பாப்பம்.”

நான் எழுந்து காற்று எச்சரிக்கையைத் திரும்பவும் பார்த்தேன்.

சொன்ன நேரத்துக்கு முன்பே காற்று வந்துவிட்டது. நாங்கள் நங்கூரம் தூக்கியபோது நீரிணையில் அலைகளின் தலை வெளுத்திருந்தது. பெண்கள் கீழறைக்குள் போனார்கள். அங்கே ஆட்டம் தாங்காமல் திரும்பவும் மேலே வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரையும் லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னேன். கிரேம் முணுமுணுத்துக்கொண்டு போட்டார். தீவுக்கும் கரைக்கும் பாதி வழியில், தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடந்த ஒரு மரம் படகின் அடியில் இடித்தது. இடித்த சத்தம் பெரிதில்லை. கதவை யாரோ தோளால் தள்ளியதுபோல இருந்தது. கீழறைப் படியில் எட்டிப் பார்த்தேன். ஜூடித் பண்டம் கொண்டுவந்த பாத்திரம் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பதறவில்லை. எஞ்சினை நிறுத்தினார். கிரேமிடம் பின்னால் கட்டியிருந்த டிங்கி என்ற சிறு ரப்பர் படகை இழுத்துப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். ரேடியோவை எடுத்தார். இடத்தைச் சொன்னார், படகின் நீளத்தையும் நிறத்தையும் சொன்னார். கடைசியில், “செவன் ஆன் போர்ட்” என்றார்.

“ஆறு எண்டு சொல்லும்” என்று கத்தினேன். “திருத்திச் சொல்லும்.”

அவர் கேட்காததுபோல நின்றார். நான் ரேடியோவைப் பறிக்கக் கையை நீட்டினேன். அதற்குள் தண்ணீர் பற்றரியைத் தொட்டுவிட்டது. ரேடியோவின் சிறிய வெளிச்சம் அணைந்தது.

நால்வருக்கான டிங்கியில் ஆறு பேர் ஒருவர் மடியில் ஒருவராகக் கிடந்தோம். ஏறும்போது ஜூடித்தின் நெற்றி படகில் மோதி இரத்தம் வந்தது. பத்மா தன் சேலைத் தலைப்பால் அதை அழுத்திப் பிடித்தாள். மரப்படகு ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு முதுகைக் காட்டிக் கவிழ்ந்தது. முழுதாகத் தாழவில்லை. பழைய மரம், மிதந்து உருண்டுகொண்டிருந்தது. அதன் கயிறுகளும் தூண்டில் நூல்களும் சுற்றிலும் பரந்து கிடந்தன. நான் தலைகளை எண்ணினேன். ஆறு. திரும்ப எண்ணினேன். ஆறு.

மீட்புப் படகு வந்ததும் ஒவ்வொருவராகத் தூக்கி எடுத்தார்கள். அதை நடத்தியவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்களைப் போர்வைகளில் சுற்றி உட்காரவைத்து விரலால் எண்ணினார். அவர் முகம் மாறியது.

“ஸ்கிப்பர், ஏழு பேர் என்று சொன்னீர்கள். ஏழாவது ஆள் எங்கே?”

ஸ்கிப்பராக நின்ற என் அயலவர் கவிழ்ந்த படகையே பார்த்தார். நான் சொன்னேன், நாங்கள் ஆறு பேர்தான், நான் எண்ணினேன் என்று. அந்தப் பெண் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். காலையில் ஏழு, ஆபத்து அழைப்பிலும் ஏழு. நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு கிழவன் ஆறு என்கிறான். அவர் கிரேமைக் கேட்டார். “ஆறு என்றுதான் நினைக்கிறேன். படகு அவருடையது, அவரைக் கேளுங்கள்” என்றார் கிரேம். ஜூடித் கண்ணை மூடியபடியே, “கீழறையில் யாரோ இருந்தார்களே” என்றார். அப்போது தொண்டர்களில் ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். கவிழ்ந்த படகுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட் மிதந்தது. உள்ளே ஆள் இல்லை.

அதற்குப் பிறகு என் பேச்சை யார் கேட்பார்கள்? ரேடியோவில் ஹெலிகாப்டருக்குச் சொன்னார்கள். அது வர நேரமாகும். கவிழ்ந்த படகுக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருக்கலாம், உள்ளே ஆள் உயிரோடு இருக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னார். சிவந்த தாடி வைத்த ஓர் இளைஞர் நீச்சல் உடுப்பின் பட்டிகளை இறுக்கத் தொடங்கினார். வார நாட்களில் பிளம்பராக வேலை செய்கிறவர் என்று பிறகு அறிந்தேன். இடுப்பில் கயிறு கட்டினார்கள். இரண்டு நிமிடம், அதற்குமேல் ஒரு விநாடிகூட உள்ளே நிற்கக்கூடாது என்று அந்தப் பெண் அவரிடம் இருமுறை சொன்னார். படகின் முதுகு ஒவ்வோர் அலைக்கும் தூக்கித் தண்ணீரில் அறைந்தது.

நான் என் அயலவரின் கையைப் பிடித்தேன். “சொல்லும். அந்தப் பெடியன் உள்ள போகப்போறான்.”

“போகட்டும்.”

“உள்ள ஒருத்தரும் இல்லை.”

“ஆர் பாத்தது?”

அவருடைய கண்கள் அந்தச் செம்மஞ்சள் நிறத்திலேயே இருந்தன. குளிரில் புத்தி தடுமாறிவிட்டதோ, அல்லது இத்தனை வருடமும் இதற்காகத்தான் காத்திருந்தாரோ, எனக்குத் தெரியவில்லை. அவரை எனக்கு அப்போது பிடிக்கவில்லை. பயமாக இருந்தது.

இளைஞர் தண்ணீரில் இறங்கினார். படகை நெருங்கும்போது அது உருண்டு அவர் மேல் சரிந்தது. தலை மறைந்தது. கயிறு பிடித்தவர்கள் இழுத்தார்கள். தலை மேலே வந்தது. காலில் தூண்டில் நூல் சுற்றியிருந்தது. அதைக் கத்தியால் வெட்டிவிட்டு, நலமாக இருக்கிறேன் என்று கைகாட்டினார். திரும்பவும் உள்ளே போக மூச்சை இழுத்தார்.

ஸ்டெல்லா கணவரின் போர்வையைப் பிடித்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

“இஞ்சருங்கோ. அந்தப் பிள்ளைக்காகவும் ஆரோ வீட்டில வழி பாத்துக்கொண்டிருப்பினம்.”

அவர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். படகு ஆட்டியது, நான் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். “இல்லை” என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. “நோ. நோபடி” என்றார். அந்தப் பெண் அவருக்குக் கிட்டே வந்து, முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

“உள்ளே யாரும் இல்லை என்கிறீர்களா? நிச்சயமாக? அப்படியானால் ஏழு என்று ஏன் சொன்னீர்கள்?”

முதல்தடவையாக அவர் ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பேசியதைக் கண்டேன்.

“மை பிரதர்” என்றார். “நொட் திஸ் போட். அனதர் சீ. லாங் டைம்.” மூச்சு வாங்கினார். “ஹி இஸ் டெட்.”

அந்தப் பெண் அவரைக் கண நேரம் பார்த்தார். திரும்பி இரண்டு விரல்களை வாயில் வைத்து விசிலடித்தார். கயிறு பிடித்தவர்கள் இழுக்கத் தொடங்கினார்கள். தாடிக்கார இளைஞர் தண்ணீர் ஒழுக ஒழுகப் பக்கத்தில் விழுந்து, வானத்தைப் பார்த்து மூச்சு விட்டார். ரேடியோவில் எண்ணிக்கை திருத்தப்பட்டது. ஹெலிகாப்டரைத் திரும்பச் சொன்னார்கள்.

அவர் உட்கார்ந்தார். மீட்புப் படகு கரையை நோக்கித் திரும்பியது. எஞ்சின் இரைச்சலுக்குள் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. கத்தோலிக்கர் இறந்தவர்களுக்காகச் சொல்லும் செபம். ஸ்டெல்லா வீட்டில் யாருடைய நினைவு நாளுக்காவது அதைத் தொடங்கினால் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்றும், தாய் கேட்டும் தம்பிக்காக ஒருநாளும் அதைச் சொல்ல விட்டதில்லை என்றும் பத்மா பிறகு எனக்குச் சொன்னாள். அந்தப் படகில் எழுந்து போக இடமில்லை. ஸ்டெல்லா முதல் வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார், காத்திருந்தார். கிரேம் தொப்பியைக் கழற்றினார். அடுத்தது, உடன் இருப்பவர் சொல்லவேண்டிய வரி. அல்போன்ஸின் அண்ணன் உதடுகளை நனைத்துக்கொண்டு அதைச் சொன்னார்.